மேல்வாய்ப் பல்லும் இடது கண்ணும்

பல் வலிக்கிறவனுக்கு ஊரில் எல்லோரும் டொக்டர். காய்ச்சல் என்றால் இரண்டு பேர் மருந்து சொல்வார்கள். பல் என்று சொல்லிப் பாருங்கள், கடைக்குப் பாண் வாங்க வந்தவர்கூட சைக்கிளை நிறுத்தி ஆலோசனை சொல்லிவிட்டுத்தான் போவார். பிழை அவர்களில் இல்லை. அத்தனையையும் நம்பினேனே, பிழை என்னில். அதே பிழையை என் பிள்ளைகள் செய்யக் கூடாது என்பதற்காக வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். (எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். அவள் என்னைவிட நாலு வகுப்பு கூடப் படித்துவிட்டாள்.)

யுத்தம் முடிந்து சில வருடங்கள். எனக்கு இருபத்தைந்து வயது. கற்பிட்டியில் ஒரு ஹாஜியாரின் லொறியில் நான் கிளீனர். வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவோம். டிரைவர் ஓட்டுவார். தார்ப்பாய் கட்டுவதும், லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது "வா, வா, வா, ஹோல்ட்" என்று கத்துவதும் என் வேலை. மூத்தவள் அப்போது உங்கள் உம்மாவின் வயிற்றில் ஆறு மாதம்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் இரண்டாவது லொறி வாங்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"கனரக லைசன் எடு. ரெண்டு கிழமையில மெடிக்கல் துண்டக் கொண்டு வந்து காட்டு. புது லொறி ஒனக்கு. இல்லாட்டி பள்ளிவாசல்துறையில ஒருத்தன் கேட்டுட்டு இரிக்கிறான், அவனுக்குக் குடுத்துருவன்."

மெடிக்கல் என்றால் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், காது பார்ப்பார்கள், எல்லாவற்றையும் விடக் கண் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு கவலையும் இருக்கவில்லை. கடலில் நிற்கும் போட்டின் நிறத்தைக் கரையில் நின்று சொல்கிற கண் எனக்கு.

மூன்றாம் நாள் காலையில் பல் தொடங்கியது. மேல்வாயில், இடது பக்கம், கடைசியாக முளைக்கிற அந்த ஞானப்பல். கன்னம் வீங்கியது. வாயைத் திறந்தால் ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை. மாமி வந்து பார்த்துவிட்டு, உள்ளே புழு இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரர், கழற்றினால் வாய் ஒரு பக்கம் போகும், போனால் திரும்பி வராது என்றார். இன்னொருவர், ஒன்றைக் கழற்றினால் நாலையும் கழற்ற வேண்டும், ஒரு கிழமை மயக்கத்தில் கிடக்க வேண்டும் என்றார். இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். வலி தொடங்கி நாலாம் நாள்தான் உம்மாவின் மூத்த சகோதரர், உங்கள் பலீல் மாமா வந்தார்.

"மச்சான், கீழ்ப் பல்லெண்டாப் பிரச்சினையில்ல. இது மேல் பல்லு. அதுட நரம்பு நேராக் கண்ணுக்குப் போகுது. பல்லப் புடுங்கினாக் கண்ணும் போகும்."

"எப்பிடி மச்சான் தெரியும்?"

"நான் ரெண்டு வருசம் சவூதியில ஆஸ்பத்திரியில இருந்தவனெல்லா."

(இருந்தது உண்மைதான். நிலம் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் எங்கள் பகுதியில் யாருக்குக் காய்ச்சல் வருத்தம் வந்தாலும் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள்.)

"ஒடனே போகாது," என்று அவர் ஆறுதலும் சொன்னார். "மெல்ல மெல்லப் போகும். மொதல்ல தூரம். பிறகு கிட்டடி."

உங்கள் உம்மா குசினிக்குள் சோறு வடித்தபடி சொன்னாள்: "நானாட கதையக் கேட்டு வீட்டில இருந்தீங்கெண்டா கண்ணு மட்டும்தான் மிஞ்சும். நாளண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவளையும் மீற ஏலாது, பலீலையும் நம்பாமல் இருக்க ஏலாது. பல்லைக் கழற்றி ஐந்தாம் நாள் மெடிக்கல் வருகிறது. அதற்குள் தூரப் பார்வை போய்விட்டால் லொறியும் போய்விடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு புத்திசாலித்தனமாக நான் யோசித்ததில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் பஸ் ஏறி, மெடிக்கல் எடுக்கிற இடத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை. முற்றத்து மதிலோரம் ஒரு வேப்பமரம். அதன் கீழே நின்றால் திறந்திருந்த யன்னலுக்குள்ளால், அறையின் அந்தப் பக்கச் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகை தெரிந்தது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, எட்டு வரியையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தேன்.

பிறகு பாடமாக்கத் தொடங்கினேன். சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதியதுபோல, சம்மணம் கட்டி உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடி ஆடி. உங்கள் உம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள், "வலி கூடிட்டா? என்ன ஓதுறீங்க?"

"துஆ," என்றேன். (அல்லாஹ் மன்னிக்கட்டும். நான் ஓதியது ஆங்கில எழுத்து.)

பல் கழற்றிய கதை சின்னக் கதை. பல் டொக்டர் ஒரு இளம் பெண். "நோவுக்கு ஊசி போடுறன். பிறகும் வலிச்சாக் கைய உசத்துங்க," என்றார். நான் கையை உயர்த்தினேன்.

"இன்னும் தொடங்கல்ல," என்றார்.

ஊசி, கட்டெறும்பு கடித்ததுபோல. பிறகு கன்னம் மரத்துப்போனது. யாரோ தாடையைப் பிடித்துத் தள்ளுவதுபோல ஒரு அழுத்தம், ஒரு சின்னச் சத்தம். மனதுக்குள் ஆயத்துல் குர்ஸி பாதிதான் ஓதியிருந்தேன், பல்லைக் கிண்ணத்தில் போட்டுவிட்டார். மயக்கமும் இல்லை, மற்ற மூன்று பல்லையும் கழற்றத் தேவையும் இல்லை. அவை ஒழுங்காக முளைத்திருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பஞ்சை அரை மணித்தியாலம் கடித்திருக்க வேண்டும், இன்றைக்கு வாய் கொப்பளிக்கவே கூடாது, நாளையிலிருந்து இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் என்று சொல்லித் தந்தார்.

வாயில் பஞ்சு. கண்ணைப் பற்றிக் கேட்க ஏலாது. விரலால் இடது கண்ணைச் சுட்டிக் காட்டினேன்.

"அழுகை வரத்தான் செய்யும், பரவாயில்ல," என்று ஒரு கடதாசிக் கைக்குட்டையை எடுத்துத் தந்தார்.

அதோடு அந்த ஐந்து நாளும் என் கண்ணுக்கு நானே டொக்டர். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தென்னை மரங்களை எண்ணினேன். பல் வலி இரண்டாம் நாளே அடங்கிவிட்டது, நான்தான் அடங்கவில்லை. மூன்றாம் நாள் கரைக்குப் போய்த் தூரத்தில் நிற்கும் காற்றாலையின் இறக்கைகளை எண்ணிப் பார்த்தேன். மூன்றா, நாலா, ஆறா என்று பிடிபடவே இல்லை. தூரப் பார்வை போய்விட்டது என்று அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். (ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. உலகத்தில் எந்தக் கண்ணாலும் அதை எண்ண ஏலாது. எனக்கு அது உறைக்கவில்லை.)

மெடிக்கல் நாள். கர்ப்பிணிகள் கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்ததால் உங்கள் உம்மாவும் கூட வந்தாள். அவளை வெளியே கிடந்த நீள மர வாங்கில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். டொக்டர் சிலாபப் பக்கத்துச் சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார். தடித்த கண்ணாடி போட்டிருந்தார்.

"வலது கண்ணப் பொத்திட்டு, மேலேர்ந்து வாசிங்க."

சுவரைப் பார்த்தால் பயத்தில் பாடம் மறந்துவிடும் என்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். கணீரென்று தொடங்கினேன். இரண்டாவது வரியில் உடம்பு தானாக ஆடத் தொடங்கியது. எட்டு வரியையும் ஒரே மூச்சில் முடித்துக் கண்ணைத் திறந்தேன். டொக்டர் பேனையை மேசையில் வைத்திருந்தார்.

"தம்பி ஏன் ஆடினீங்க?"

"பழக்கம், டொக்டர்."

"நல்லது. இப்ப சுவரப் பாருங்க."

பார்த்தேன். பலகையை மாற்றியிருந்தார்கள். ஒரு எழுத்துக்கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை முழுதும் இலக்கம்.

டொக்டர் ஒரு துண்டை எடுத்து, கண் வைத்தியரிடம் காட்டிக் கடிதம் கொண்டு வரச் சொல்லி எழுதத் தொடங்கினார். கண் வைத்தியரிடம் நாள் எடுக்க ஒரு மாதம் போகும். மறுநாளோடு ஹாஜியாரின் தவணை முடிகிறது. புது லொறி பள்ளிவாசல்துறைப் பக்கம் திரும்பிப் போவது, பின் சிவப்பு லைட்டோடு எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் வாய் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். பல், நரம்பு, பலீல் மச்சான், பிஸ்கட் மட்டை, வயிற்றில் பிள்ளை, எல்லாம்.

டொக்டர் பேனையை மூடினார். "அந்தப் பலகைய எங்க நிண்டு பாத்து எழுதினீங்க?"

"வெளிய, டொக்டர். அந்த வேப்பமரத்தடியில."

அவர் யன்னலுக்கு வந்து மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்த அறைக்குள்ள நிண்டே கடைசி வரி வாசிக்க ஏலாம எத்தின பேர் திரும்பிப் போறாங்க தெரியுமா? நீங்க வெளிய முத்தத்தில நிண்டு வாசிச்சிரிக்கிறீங்க."

"அது பல்லுக் கழட்ட முன்னம், டொக்டர்."

"சரி. இப்பயும் போய் நில்லுங்க."

போய் நின்றேன். வாங்கில் இருந்த உங்கள் உம்மா, என்னை வெளியே துரத்திவிட்டார்கள் என்று நினைத்து எழும்பிவிட்டாள். டொக்டர் யன்னலுக்குள்ளால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். முதலில் வலது கண்ணைப் பொத்தி, பிறகு இடது கண்ணைப் பொத்தி, ஆடாமல் அசையாமல் வாசித்தேன். கடைசி வரி வரைக்கும் இலக்கங்கள் கழுவி வைத்ததுபோலத் தெளிவாக நின்றன.

திரும்பி உள்ளே வந்ததும் சொன்னார்: "பல்லுட நரம்பு வேற, கண்ணுட நரம்பு வேற. ஒண்டப் புடுங்கினா மத்தது வராது. எனக்கு மேலயும் கீழயும் ஞானப்பல்லு நாலும் கழட்டியாச்சு." சொல்லிவிட்டுத் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என் கை மறுபடியும் இடது கண்ணைப் பொத்தியது.

"இது பத்து வயசில போட்டது, தம்பி," என்றார். பிறகு கையெழுத்து வைத்தார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு வாய் மூடவில்லை. பாதையில் வந்த ஒவ்வொரு போர்டையும் உரக்க வாசித்தேன். "மரக்காலை. அரிசி ஆலை. பாலாவி. இங்கு உப்பு மொத்தமாக விற்கப்படும்." உங்கள் உம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டாள். கடைசியில் கொண்டக்டர் வந்து சொன்னான், "நானா, எங்களுக்கும் கண்ணு இரிக்கி."

மறுநாளே துண்டை ஹாஜியாரிடம் காட்டினேன், புது லொறி என் கைக்கு வந்தது; போர்டு வாசிக்கிற அந்தப் பழக்கமும் இன்னும் போகவில்லை. உங்களை லொறியில் ஏற்றினால் போர்டு வாசிக்காமல் ஒரு கட்டை தூரமும் போகமாட்டோம். மூத்தவள் எழுத்துக் கூட்டப் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்த முன் சீற்றில்தான். உம்மா அதைச் சொல்லிச் சிரிக்காத பெருநாள் இல்லை.

போன கிழமை சின்னவளையும் பலீல் மாமாவையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். மாமாவின் கன்னம் மூன்று நாளாக வீங்கியிருந்தது. குளவி கொட்டியது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். டவுனுக்குள் நுழையும்போது சின்னவள் நடுவில் எழும்பி நின்று கூட்டினாள்: "ப... ல்... பல் வைத்... திய... நிலையம். வாப்பா, அது என்ன கடை?"

மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஓட்டுங்க மச்சான்," என்றார் மெதுவாக. "ஒரு இடத்திலயும் நிப்பாட்ட வாணாம்."

நான் சிக்னல் போட்டு, லொறியை ஓரம் கட்டினேன்.