டிறில் அண்ணையும் சந்தனம் பூசிய மெசினும்

முரசுமோட்டையில் புதுக்கூரை போட்டவர்களில் டிறில் அண்ணையிடம் ஏச்சு வாங்காதவர் ஒருவரும் இல்லை. வாங்கவில்லை என்று யாராவது சொன்னால், அவர் வீடு இன்னும் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

கூரைத் தகரத்துக்கு ஆணி முறுக்குவது அவர் தொழில். அதற்கு வயரில்லாத மெசின் ஒன்று வைத்திருந்தார். அதை டிறில் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"டிறில் ஓட்டை போடும். இது ஆணி இறுகத் தொடங்கினவுடனை உள்ளுக்குள்ளை சுத்தியலாலை அடிச்சு அடிச்சு முறுக்கும். இம்பாக்ட் டிறைவர் எண்டு சொல்லிப் பழகுங்கோ."

நாங்கள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, "சரி, டிறில் அண்ணை" என்போம்.

மெசினுக்கு இரண்டு பற்றறிகள். ஒன்றுக்கு மூத்தவர் என்றும் மற்றதுக்கு இளையவர் என்றும் பெயர். மூத்தவர் வேலை செய்யும்போது இளையவர் வேப்பமர நிழலில் துவாய் போர்த்துப் படுத்திருப்பார். அண்ணை மட்டும் கொதிக்கும் தகரத்தின் மேல் வெறும் மேலோடு குந்தியிருப்பார். வேலை முடிந்த சூட்டோடு பற்றறியைச் சார்ச் போடவும் மாட்டார். ஏனென்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீங்கள் வயலாலை வந்த உடனை சோத்துக் கோப்பையிலை கை வைப்பியளோ? கால் முகம் கழுவி, கொஞ்சம் ஆறி இருந்துதானே சாப்பிடுவியள். அவருக்கும் அப்பிடித்தான்."

அவருடைய வீட்டுக்கார அக்காவுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. "எனக்குத் தலையிடி எண்டால் ஒரு தேத்தண்ணியை வைச்சுக் குடி எண்டுவார். பற்றறி சூடெண்டால் ஃபானுக்கு முன்னாலை கொண்டுபோய் வைப்பார். அடுத்த பிறப்பிலை நான் பற்றறியாத்தான் பிறக்கவேணும், தம்பி" என்று ஒருமுறை அவா என்னிடம் சொன்னா. சிரித்துக்கொண்டு சொன்னாலும் பாதி உண்மையாகவே சொன்னா.

மெசினை இரவல் கேட்டால் கிடைக்காது. நான் ஒருநாள் கெஞ்சி, அவர் முன்னிலையிலேயே என் வீட்டு யன்னலுக்கு ஒரே ஒரு ஆணி முறுக்கினேன். ஆணியின் தலை முறிந்து கையில் வந்தது. அண்ணை அதை வாங்கி, செத்த வீட்டில் நிற்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காணும் காணும், இனி முறுக்காதை எண்டு அது சத்தம் போட்டுச் சொன்னதுதானே. கேக்கேல்லையோ? கூட்டத்திலையும் நீங்கள் ஆற்றை கதையையும் கேக்கிறேல்லைத்தான்."

கூட்டம் என்று அவர் சொன்னது எங்கள் ஊர்ச் சங்கத்தை. நான் அதன் செயலாளர். நடக்காத வேலைகளைக் கூட்டக்குறிப்பில் அழகாக எழுதுவது என் கடமை. ஒரு மாரிகாலத்தில் முன்பள்ளியின் கூரை காற்றோடு போய், பிள்ளைகள் மரத்தடியில் இருந்தார்கள். விசயதசமிக்குள் கூரை போட்டு, அங்கேயே பிள்ளைகளுக்கு முதல் எழுத்து எழுதுவித்து ஏடு தொடக்குவதென்று தீர்மானித்தோம். என் மகளும் அந்த வருடம் ஏடு தொடக்க இருந்தாள். பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று மூன்று கூட்டம் நடந்தது. ஆணி எத்தனை வேண்டும் என்று ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

அதனால், விசயதசமிக்கு முதல் நாள் மத்தியானம் ஆணி முடிந்துவிட்டது. கடைசி இரண்டு வரிசைத் தகரங்கள் மூலைக்கு ஒரு ஆணியோடு நின்றன. தலைவர் ஆணி வாங்கக் கிளிநொச்சிக்குப் போனார். அன்று ஆயுதபூசை. பிள்ளைகளின் புத்தகங்களோடு மெசினையும் பூசையில் வைப்போம் என்றேன். அண்ணை அரைமனதோடு மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

"பூ மட்டும் வையுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

நான் கேட்கவில்லை. மகளின் படிப்பு விசயம், பூவோடு நிறுத்த மனம் வரவில்லை. மெசினின் பக்கத்திலிருந்த காற்றுத் துளைகள் எல்லாம் மூடும்படி சந்தனம் அப்பினேன். மூத்தவரைக் கழற்றி, அவர் தலையில் பளபளத்த தகடுகளை நெற்றியென்று நினைத்து மூன்று குறி இழுத்தேன். மேலே தீர்த்தமும் தெளித்தேன். பார்க்க மிக மங்களகரமாக இருந்தது.

பின்னேரம் வானம் கறுத்தது. காற்று கிளம்பி, முறுக்காத தகரங்கள் படபடவென்று அடிக்கத் தொடங்கின. தலைவர் ஆணியோடு வந்து இறங்கினார். மெசினை எடுப்போம் என்றேன்.

"பூசையிலை வைச்ச சாமானை நாளைக்குத்தான் தொடலாம். அவசரமெண்டால் கூட்டம் கூட்டித் தீர்மானம் எடுப்பம். எத்தினை பேர் நிக்கிறம் எண்டு எண்ணுங்கோ, செயலாளர்" என்றார் தலைவர்.

பறக்கத் தயாராக இருந்த கூரைக்குக் கீழே நின்று நான் தலைகளை எண்ணினேன். அதற்குள் அண்ணை வந்து, ஒருவரையும் கேட்காமல் மெசினைத் தூக்கினார். தூக்கியவர் சந்தனம் அடைத்த துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். ஏச்சுக்காக நான் கண்ணை மூடினேன். ஏச்சு வராததுதான் பயமாக இருந்தது.

"ஆர் பூசினது?"

"நான்தான், அண்ணை."

"தண்ணியும் தெளிச்சனியளோ?"

"தீர்த்தம்."

"தீர்த்தமும் தண்ணிதான், தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைகள் படம் கீறும் தூரிகை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு துளையாகச் சந்தனத்தைக் கிண்டி எடுத்தார். இளையவர் வீட்டில் சார்ச்சில் கிடந்தார். மூத்தவரின் தகடுகளைச் சேட்டின் ஓரத்தால் துடைத்து, மெசினில் பூட்டினார். விசையை அமர்த்தினார். மெசின் ஒருமுறை முனகி, பிறகு சுழன்றது. அதே நேரம் மழை தூறத் தொடங்கியது. மழைத்துளி படும் இடத்தில் மெசினை எடுக்கக்கூடாது என்பது அவருடைய சட்டங்களில் முதலாவது.

"மழை, அண்ணை. மெசின் பழுதாப்போகும்" என்றேன். சந்தனம் பூசிய நானேதான் சொன்னேன்.

"பிள்ளையள் நாளைக்கு வருதுகள்" என்றுவிட்டு ஏணியில் ஏறினார்.

சேட்டைக் கழற்றி மெசினுக்குக் குடை போலப் பிடித்தபடி முறுக்கினார். கடைசி ஆணியும் இறுகிய பிறகுதான் சத்தம் நின்றது. தெப்பமாக நனைந்து இறங்கி வந்து, மூத்தவரைக் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை. முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் பெரியவர் ஒருவர் வந்து கூரையைத் திறந்துவைத்தார். கூரையை எப்படித் திறப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். பெயர்ப்பலகையில் எல்லாருடைய பெயரும் இருந்தது, டிறில் அண்ணையுடையதைத் தவிர. அந்தப் பலகையைச் சுவரில் பூட்டியவரும் அவர்தான். மெசின் ஃபானுக்கு முன்னால் காய்ந்துகொண்டிருந்ததால் கையாலேயே முறுக்கினார். என் மகள் நனையாத அரிசியில் 'அ' எழுதினாள்.

மெசின் பிழைத்துக்கொண்டது. மூத்தவர் எழும்பவில்லை.

அடுத்த வருட ஆயுதபூசைக்கு நான் மெசினைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. அண்ணை தானாகவே வந்து, துவாய்க்குள் இருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மூத்தவர்.

"இவருக்கு இனி வேலை இல்லை. விருப்பம்போலப் பூசுங்கோ" என்றார்.

நான் சந்தனத்தை விரல் நுனியில் மிகக் கொஞ்சமாகத் தொட்டு, தகட்டில் படாமல், மெல்ல ஒரு பொட்டு வைத்தேன். அண்ணை குனிந்து பார்த்துவிட்டு, "இப்பதான் பழகியிருக்கிறியள்" என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. என் கண்ணில்தான் கொஞ்சம் ஒழுக்கு.