கடலுக்கு முதுகு காட்டிப் பார்த்த அஸ்தமனம்

சிவமயம்

ராயவரம்,
சார்வரி வருஷம், தை மாதம்

சிரஞ்சீவி குமரப்பனுக்கு உன் ஆத்தா ஆவுடையாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அப்பச்சியும் காரும் சுகம். அங்கு நீயும் மருமகள் சொர்ணவல்லியும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். காரையும் ஏன் சேர்த்து எழுதினேன் என்றால், போன கடிதத்தில் நீ எங்கள் இருவர் உடம்பையும் ஒரே வரியில் விசாரித்துவிட்டு, காரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய்.

நீ பொங்கலுக்கு வந்தபோது சொன்னது மறக்கவில்லை. "கடக்கரைக்குப் போயிட்டு வாங்க. வழியில ஏதாச்சும் ஏடாகூடம் பண்ணுனீங்கன்னா, டிரைவர் மலையாண்டிய அனுப்பிக் காரை மதராசுக்கு எடுத்துக்குவேன். அப்பறம் ரெண்டு பேரும் வீட்டோட கெடங்க" என்றாய். அன்று உன்னைப் பெற்ற அப்பச்சி சாப்பிடவே இல்லை. கொழும்புக் கடையை விட்டுவிட்டு ஓய்வாக வந்த நாளிலிருந்து, அவர்கள் சொன்னபடி கேட்பது அந்தக் கார் ஒன்றுதான். ஆகையால் ஏடாகூடம் எதுவும் நடக்கவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடந்ததையும் எழுதிவிடுகிறேன், ஊரார் சொல்லி நீ கேட்கக் கூடாது பார்.

அறந்தாங்கிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் கொள்ளுக்கொடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டி ஏறி மிதித்தால் காய் வெடித்துக் கொள்ளு உதிருமாம். லாரிக்காகக் காத்திருந்த பெண்டுகள் நம் காரைக் கண்டதும், "ஐயா, ஒரு மிதி மிதிச்சுட்டுப் போங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். தன்னை நம்பி ஒருவர் ஒரு வேலை சொல்லி எத்தனை காலமாயிற்றோ, உன் அப்பச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முன்னே போய், பின்னே வந்து, திரும்பிப் போய், "போதும்யா, பருப்பாப் போயிரும்!" என்று அந்தப் பெண்டுகள் கத்தின பிறகும் ஒரு சுற்றுப் போனார்கள். கடைசியில் கொடியெல்லாம் அச்சில் சுற்றிக்கொண்டு, காலைக் கட்டிப்போட்ட மாடு மாதிரி கார் நின்றுவிட்டது. அந்தப் பெண்டுகளே அரிவாளோடு அடியில் புகுந்து அறுத்தெடுத்து, ஒரு பை கொள்ளும் கொடுத்தனுப்பினார்கள். இது உபகாரமே ஒழிய ஏடாகூடம் ஆகாது.

கோட்டைப்பட்டினத்தில் பசி. ஒரு ராவுத்தர் கடையில் இடியாப்பமும் இறால் ஆணமும் இருந்தது, குழம்பை அவர்கள் ஆணம் என்கிறார்கள். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை என்று நான் காரிலேயே இருந்துகொண்டேன், இலையில் வைத்து அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். என் கைப்பக்குவம் அதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று. "இந்தா, ராவுத்தர் வீட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி" என்று உன் அப்பச்சி கேலி செய்தார்கள். அவர்கள் தட்டில் கிடந்த இறால் தோலை நான் எண்ணவில்லை.

பொழுது சாய்கிற நேரம் காரை மணலில் நிறுத்தி, கடலோரம் ஜமுக்காளம் விரித்துக் கடலைப் பார்க்க உட்கார்ந்தோம். "இப்பப் பாரு, சூரியன் தாம்பாளம் மாதிரி எறங்கும், தண்ணியெல்லாம் செவந்து போகும்" என்றார்கள் உன் அப்பச்சி. கொழும்பில் தினமும் பார்த்தவர்கள் அல்லவா. நானோ கல்யாணமாகி வந்து ஊரிலேயே இருந்தவள். கடல் செவக்கவில்லை, கறுத்துக்கொண்டே வந்தது. மூன்றாம் வகுப்பிலேயே திசை படித்தவள் நான், நாம் கிழக்கே போகிறோம் என்று அறந்தாங்கியிலேயே எனக்குத் தெரியும். ஆனால் கடலுக்கு வேறு சட்டமோ என்னவோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். அப்போது கருவாட்டுக் கூடையோடு செவந்தி என்று ஒருத்தி வந்தாள்.

"ஆரைத் தேடுறீங்க ஆச்சி?"

"சூரியன் கடல்ல எறங்குறதப் பாக்க வந்தோம்."

கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது ஒங்க முதுகுக்குப் பின்னாடில்ல எறங்கிக்கிட்டிருக்கு! இங்கிட்டுக் காலையிலதான் கடல்லேருந்து கெளம்பும்."

"கொழும்புல கடல் மேக்க இருக்கும்" என்றார்கள் உன் அப்பச்சி, மெல்ல.

"அப்பக் கடலைத் திருப்பிப் போடச் சொல்லுங்க செட்டியாரே!"

அவர்கள் முகம் விழுந்துவிட்டது. கடலைத் திருப்ப முடியாது என்று ஜமுக்காளத்தை நான் திருப்பிப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் நம் கார், பின்சக்கரம் இரண்டும் மணலுக்குள் புதைந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. செவந்தி குரல் கொடுத்தாள். வலை இழுக்கிற ஆட்கள் ஓடிவந்து, முன்னால் கயிற்றைக் கட்டி, "செட்டியாரு வலையில என்ன மீனுடா!" என்று பாட்டுக் கட்டி இழுத்ததில் முதலில் பம்பர் வந்தது. அப்புறம் காரும் வந்தது. பம்பர் பின்சீட்டில் பத்திரமாக உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தது.

வீட்டு வாசலில் இறங்கினதும்தான் எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, போதும் குமரப்பா. இந்த வயசில் இங்கிட்டும் அங்கிட்டும் சுற்றினதெல்லாம் போதும். வெள்ளிக்கிழமை மலையாண்டியை அனுப்பு, சாவியைக் கொடுத்துவிடுகிறோம். இனிமேல் நானும் அப்பச்சியும் வீட்டோடு இருப்போம். சொர்ணவல்லியை வெயிலில் அலையவிடாதே. பேரப்பிள்ளைகள் படித்து, என்னைவிடப் பெரிய வகுப்புக்குப் போக வேண்டும். எல்லோரும் நிறைந்து வாழ ஆத்தாளின் ஆசி.

ஆவுடையாள்

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை உன் அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். காரைக் கொடுக்கத் தலையாட்டினார்கள். "ஒனக்கு அதக் காட்ட முடியலையே" என்று மட்டும் சொன்னார்கள். கொழும்பிலிருந்து எழுதின கடிதத்திலெல்லாம் வியாபாரம் எழுதி முடித்து, கடைசி வரியில் அன்றைய சூரியன் விழுந்ததை எழுதுவார்கள், உனக்குத் தெரியாது. எனக்கு ஐந்தாம் வகுப்புப் பூகோளம் ஞாபகம் வந்தது. கன்னியாகுமரியில் மேற்கேயும் கடல். பம்பரைக் கயிற்றால் கட்டியாகிவிட்டது. விடிந்தால் கிளம்புகிறோம். மலையாண்டி வந்தால் வீடு பூட்டியிருக்கும். எதிர்வீட்டில் அந்தக் கொள்ளுப் பையைக் கொடுத்து வைத்திருக்கிறேன், வெறுங்கையோடு திரும்பாமல் அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்.