ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பூட்டு

ஞாயிறு மத்தியானத் தூக்கத்தை இனி எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று புரோகிராமர் வீறாப்பாக முடிவெடுத்தார். வந்த ஆபத்து அப்படி. நாளைக்கு மச்சான் வீடு மாறுகிறான். அவனுடைய இரும்பு பீரோ மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது.

"இனிமே வாயால சொல்ற வேலை செல்லாது," என்று மனைவியின் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். "பேரு, வேலை, கிழமை எல்லாம் நிரப்பி 'அனுப்பு' பொத்தானை அமுக்கு. எனக்கு வந்து சேர்ந்துட்டா மறுபேச்சே கிடையாது."

"சத்தியமா?"

"என் தலைமேல சத்தியம்!"

சத்தியம் பண்ண அவருக்கென்ன வலிக்கிறதா? ஆபீஸ் வேலையை ஓரங்கட்டிவிட்டு, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் நிரல் நூலகம் ஒன்றை வைத்து அவர் பின்னிய வலை அது. யாரோ எழுதிவைத்த ரெடிமேட் கட்டளைகளை அங்கங்கே சொருகினால் போதும், பக்கம் சொன்னபடி ஆடும். பக்கம் முழுசாக வந்து இறங்கும்வரை பொத்தானுக்கு உயிர் வராது. அதற்கென்றே கல்யாண போட்டோவை யானை கனத்தில் கீழே வைத்திருந்தார். அது இறங்கித் தொலைத்தாலும், ஞாயிறைத் தேர்ந்தெடுத்த மறுகணம் பொத்தான் திரும்பவும் செத்துவிடும்.

"என்னங்க, சுத்திக்கிட்டே இருக்கே?"

"நம்ம கல்யாண போட்டோ வருதும்மா. அவசரப்படாதே."

"கல்யாணமே இவ்வளவு நேரம் நடக்கலையே!"

ஒருவழியாகப் படம் வந்தது. ஞாயிறைத் தொட்டாள். பொத்தான் வெளுத்துப்போனது.

"அமுங்கமாட்டேங்குதே?"

"அப்ப முடியாதுன்னு அர்த்தம். கம்ப்யூட்டருக்கு மச்சான், மாமன்லாம் தெரியாது."

மறுநாள் தூக்கத்துக்கு ஒத்திகை பார்க்கலாமென்று கட்டிலில் சாய்ந்தார். மனசுக்குள் அப்படியொரு குஷி. கண் செருகும் நேரம் போன் 'டிங்' என்றது.

'வேலை: பீரோ தூக்குதல். கிழமை: ஞாயிறு.'

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "எப்படிடி அனுப்புன?"

"பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல நாள் முழுக்க இதுதானே என் பொழப்பு! அங்கயும் பக்கம் இப்படித்தான் அடம்பிடிக்கும். பிரவுசர் செட்டிங்ஸ்ல போய் ஜாவாஸ்கிரிப்டை அணைச்சிடுவோம். அணைச்சேன், உங்க சாமர்த்தியமெல்லாம் படுத்துடுச்சு. பொத்தான் மட்டும் சமர்த்தா அமுங்குச்சு."

பூட்டையெல்லாம் அவள் போனில் மாட்டிய மேதாவி, அது வந்து சேரும் தன் பக்கத்துச் சர்வரில் ஒரு தாழ்ப்பாள்கூடப் போடவில்லை.

"சரி, தூக்கித் தொலைக்கிறேன். இந்த வித்தையை யார்கிட்டயும் சொல்லிடாதே, தாயே!"

"சேச்சே! வெளியாளுக்கு நான் ஏன் சொல்லப்போறேன்?"

போன் மறுபடியும் 'டிங்' என்றது.

'பேர்: மாமியார். வேலை: வீடு முழுக்க வெள்ளையடித்தல், முடியும்வரை. கிழமை: ஞாயிறு.'