கௌபாய் அண்ணனின் மீன்குழம்பு கேசட்

மாட்டைக் கண்டால் தலைதெறிக்க ஓடும் கௌபாய் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலேசியாவின் மெர்போக்கில் எங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் போட்டுக்கொண்டிருந்தார்.

தலையில் அகலத் தொப்பி. லாரியில் எப்போதும் ஒரே கேசட். வாலிபத்தில் அவர் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் இருந்த ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்தச் சிப்பாய் பூர்வகுடி. ஊர் திரும்பும்போது, தன் சித்தப்பா கௌபாய் மெட்டில் கிட்டாரோடு பாடிய கேசட்டை அண்ணனிடம் கொடுத்தார். பாடியவர் பெயர் எழுதிய சீட்டின்மேல் அன்றைக்கே அண்ணன் மீன்குழம்பைக் கொட்டினார். பெயர் போய்விட்டது, வாடை மட்டும் போகவில்லை.

"யாருண்ணே பாடுறது, வெள்ளக்காரனா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாயில போடுவேன்! அந்த மண்ணுக்கே சொந்தக்காரங்க லா. மாட்டுப் பண்ணையில மாடா உழைச்சவங்களுக்கு மாவும் சீனியும்தான் கூலி. புள்ளைங்களயும் புடுங்கிட்டுப் போனான் வெள்ளக்காரன். அதத்தான் பாடி வச்சாங்க. எவன் கேட்டான்? எவன் எழுதி வச்சான்?"

பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கால இடிபாடுகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை லாரியிலேயே துரத்துவார். மிரண்டு நிற்பவர்களிடம் கேசட்டைப் போட்டு, பாடியவர் யாரென்று கேட்பார். ஒருமுறை சிக்கிய ஆஸ்திரேலியத் தம்பதி, "அமெரிக்கப் பாட்டா? நன்றாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று அண்ணன் யாருக்கும் கேஸ் போடவில்லை. தாமானே ரொட்டி தின்றது.

ஒரு தீபாவளி விருந்தில் அவருக்கு மேடை கிடைத்தது. அதே மெட்டில் அவரே கட்டிய பாட்டு. துண்டு போட்டு விற்ற எங்கள் பழைய ரப்பர் தோட்டம், இடித்த கோயில், செம்பனை எண்ணெய் மரம் நட்ட சுடுகாடு, எல்லாம் அதில் இருந்தன.

"மெட்டுப் போட்டவரு பேரு தெரியல, மன்னிச்சிருங்க" என்று தொடங்கினார். இரண்டாவது அடியிலேயே அறிவிப்பாளர் மைக்கைப் பிடுங்கினார்.

"போதும்ணே, சிறப்பு விருந்தாளி டத்தோ வந்துட்டாரு. சினிமா பாட்டு போடணும்லா."

கூட்டம் சிரித்தது. அந்தத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

போன மாதம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். தாமான்காரர்கள் கட்டிய இரங்கல் பேனரில், தொப்பிப் படத்துக்குக் கீழே 'கேஸ் கௌபாய்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். இத்தனை வருடம் கேஸ் வாங்கிய ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. பத்திரிகையில் அவரைப் பற்றி எழுத, அவர் மனைவியிடம் போய்ப் பெயர் கேட்டேன்.

"பெருமாள், தம்பி. பேப்பர்ல எழுதுனா, பாட்டுக்காரருன்னு சேர்த்து எழுதுங்க."

எழுதிவிட்டேன், அக்கா. பெருமாள், பாட்டுக்காரர், மெர்போக். வாசகர்களே, இந்தப் பக்கத்தின்மேல் மட்டும் தயவுசெய்து குழம்பைக் கொட்டிவிடாதீர்கள்.