ஒன்பது இறாலும் ஸ்தனிஸ்லாஸும்

"இறாலைத் தின்கிற வாய் ஒண்ணுகூட இனிமே இந்த வீட்டுக்குள்ள இருக்கப்படாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வராததுமாக, சட்டையைக்கூடக் கழற்றாமல், ஸ்தனிஸ்லாஸ் இப்படியொரு சபதம் செய்தார். சாதாரண சபதமில்லை. கண்ணாடித் தொட்டியின் மேல் வலது கையை வைத்துச் செய்த சபதம். காரணம் தொட்டிக்குள்ளேயே நீந்திக்கொண்டிருந்தது. நீண்ட துடுப்புகளை விரித்துக்கொண்டு, சாட்சாத் வானத்துச் சம்மனசு மாதிரி மிதந்த ஏஞ்சல் மீனின் வாயோரத்தில், சிவப்பாக ஒரு வால் துடித்துக்கொண்டிருந்தது.

அவர் தொட்டியிலிருந்த இறால்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார். நேற்று பன்னிரண்டு. இன்று ஒன்பது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். விரல் நகத்தளவு இறால்கள்தான். ஆனால் சென்னையிலிருந்து திண்டுக்கல் வரை, பஸ்ஸில், பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து, கண் மூடாமல் கொண்டுவந்தவை.

"இந்தக் கொலைகாரனை யாரு உள்ள விட்டது?"

"நாந்தான்," என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. சகாயசெல்வி நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஒரு மாசமாப் பாக்குறேன். தொட்டியில கல்லு தெரியுது, பாசி தெரியுது, இறாலு தெரியல. வீட்டுக்கு வாரவுக எல்லாம் 'மீனு செத்துப்போச்சா'ன்னு துக்கம் விசாரிக்கிறாக. அதான் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒண்ணு வாங்கி விட்டேன்."

"மூணு உசுரு போச்சு, செல்வி."

"பேரு ஏஞ்சல்னாக. நம்பிட்டேன்."

"இனிமே இந்தத் தொட்டிக்கு மீன் வேணும்னா நான் பாத்து, நான் சோதிச்சு, நான்தான் வாங்குவேன்."

"சரிங்க," என்றாள் சகாயசெல்வி. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதே இல்லை. ஸ்தனிஸ்லாஸ் அதைக் கவனித்திருக்க வேண்டும். துக்கத்தில் கவனிக்கவில்லை.

அவருக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை. நூல் சுற்றிய கோனைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, 'ரிஜெக்ட்' என்று சொல்வதற்காகவே அவருக்குச் சம்பளம். திங்கட்கிழமை மில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், வாளியில் தனியாக விட்டிருந்த கொலைகார மீனோடும் அதே மனநிலையோடும் முனீர் பாயின் வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். ஏஞ்சலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்தார்.

"ஸ்கேல் எதுக்கு சார்?" என்றார் முனீர்.

"வாய அளக்க. இறாலவிட வாய் பெருசா இருந்தா ரிஜெக்ட். அந்தத் தங்க மீனக் காட்டு பாய்."

"அது எது கெடச்சாலும் முழுங்கும் சார்."

"ரிஜெக்ட். அந்த நீலம்?"

"பைட்டர். அதுக்கு எதுத்த வீட்டு பைட்டரயே ஆகாது."

"ரிஜெக்ட். இந்தக் கப்பி? வாய் சின்னதாத்தான இருக்கு?"

"பெரிய இறால ஒண்ணும் பண்ணாது. இறாலு குட்டி போட்டா ஒண்ணு மிஞ்சாது."

"குழந்தைகளத் தின்னுமா?" ஸ்தனிஸ்லாஸ் அதிர்ந்துபோய்க் கப்பித் தொட்டியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். "வாயத் தொறக்கச் சொல்லு, அளந்து பாத்துருவோம்."

"சொன்னதும் தொறக்க அது என்ன பல் டாக்டர்கிட்டயா வந்துருக்கு? நீங்க மீனு வாங்க வந்தீகளா, மாப்பிள்ள பாக்க வந்தீகளா சார்?"

முக்கால் மணி நேரத்தில் கடையிலிருந்த அத்தனை மீனும் ரிஜெக்ட் ஆனது. கடைசியில் முனீர் மூலையிலிருந்த ஒரு சின்னத் தொட்டியைக் காட்டினார். கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு, சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள் அசையாமல் கிடந்தன. பேர் ஓட்டோ என்றார். பாசியைத் தவிர எதையும் தின்னாது, இறால் மேலே ஏறி நடந்தாலும் கோபம் வராது என்றார்.

"அடிச்சாக்கூட?"

"அடிச்சாலும் பேசாது சார். வீட்ல ரொம்பக் கண்டிச்சு வச்ச ஆம்பள மாதிரி."

ஸ்தனிஸ்லாஸுக்கு அந்த மீனை ஏனோ ரொம்பப் பிடித்துப்போனது. நான்கு வாங்கினார். இரண்டு மணி நேரம் தொட்டி முன்னால் காவல் இருந்து பார்த்தார். இறால் ஒன்பதும் அப்படியே இருந்தன. இனி நிம்மதி என்று படுக்கப் போனார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் புதன்கிழமை திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. நாற்பது நாளும் அந்த வீட்டில் கறி கிடையாது. ஆனால் இறால் கறியில் சேராது என்பது ஸ்தனிஸ்லாஸ் கண்டுபிடித்த சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கிலோ இறால் வாங்கிவந்து வைத்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்காருவார். சகாயசெல்வி ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் கீறி, கறுப்பு நரம்பை இழுத்துப்போட்டு, விரலெல்லாம் அரிக்கத் தொக்கு வைக்க வேண்டும். அந்தத் தொக்குக்காகவே அவர் தவக்காலத்தை வருஷம் முழுக்க எதிர்பார்த்திருப்பார். அவள் என்ன எதிர்பார்த்தாள் என்று அவர் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டம் இவர்கள் வீட்டு முறை. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் வந்து கூடத்தில் உட்கார்ந்தன. செபம் முடிந்ததும், தலைவர் அருளப்பன் நோட்டைத் திறந்தார். தவக்காலத்துக்கு யார் யார் எதை விடப்போகிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவர் வெற்றிலையை விட்டார். ஒருவர் சீரியலை விட்டார். ஸ்தனிஸ்லாஸ் வருஷா வருஷம் காபிக்குச் சர்க்கரையை விடுவார். டாக்டர் ஏற்கெனவே விடச் சொன்ன சர்க்கரைதான்.

ஆனால் அதைச் சொல்வதற்கு முன், எல்லாரும் தொட்டியைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். எழுந்து நின்று ஆரம்பித்தார். சென்னை பஸ், மூன்று கொலை, வாயில் துடித்த வால், ஸ்கேல், குழந்தைகளைத் தின்னும் கப்பி, சாதுவான ஓட்டோ எல்லாம் வந்தது. முடிக்கும்போது குரல் தழுதழுத்தது. "இறாலத் தின்கிற வாய் ஒண்ணுகூட இந்த வீட்டுக்குள்ள இருக்கப்படாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்." இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

சகாயசெல்வி மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

"மீதியச் சொல்ல அவருக்குக் கூச்சம். நான் சொல்லிடறேன். இதுக மேல வச்ச பாசத்துல, இவரு இனிமே இறால வாயில வைக்கப் போறதில்ல. ஈஸ்டருக்கு அப்புறமும்தான்."

கூடமே கை தட்டியது. அருளப்பன் எழுதி, அடியில் கோடும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் சொல்லிக் கோயிலிலேயே அறிவிக்கச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடவில்லை. அப்போது யாராவது ஸ்கேல் வைத்து அளந்திருந்தால், சந்தேகமில்லாமல் ரிஜெக்ட்.

எல்லாரும் போனதும் அடுப்படிக்குள் பாய்ந்தார்.

"நான் மீனச் சொன்னேன் செல்வி."

"மீனுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

"கடல் இறால் வேற, இது வேற."

"பெரியப்பா மக்க, சித்தப்பா மக்க மாதிரித்தான. அதுக கண்ணு முன்னால அதுக சொந்தக்காரவுகளத் தொக்கு வச்சுத் தின்னா, அதுக மனசு என்ன பாடுபடும்?"

"அப்ப... வீட்ல இந்த இறாலுக இருக்குற வரைக்கும்தான?"

"ஆமா. இருக்குற வரைக்கும்."

ஸ்தனிஸ்லாஸ் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு யோசித்தார். புதன் யோசித்தார், வியாழன் யோசித்தார். வெள்ளிக்கிழமை மில்லிலிருந்து வரும்போதே மூக்கில், இல்லாத தொக்கின் வாசனை அடித்தது. வீட்டில் யாரும் இல்லை. சகாயசெல்வி சிலுவைப் பாதைச் செபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

டீ வடிகட்டியை எடுத்தார். "என்ன மன்னிச்சிருங்கடா கண்ணுகளா," என்று சொல்லிச் சொல்லி, ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டார். கண்ணில் உண்மையிலேயே நீர் வந்தது. நாக்கிலும் வந்தது. தொட்டி இறாலை முனீரிடம் கொடுத்துவிட்டு, வருகிற வழியில் தொக்குக்கு இறாலை வாங்கிக்கொண்டு, அவள் வருவதற்குள் அடுப்படியில் வைத்துவிட வேண்டும். வீட்டில் இறால் இல்லை, ஆகவே விரதமும் இல்லை. மொபெட்டை விரட்டிக்கொண்டு போய், கடை வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"பாய், சும்மாவே தர்றேன். இந்த ஒன்பதயும் வச்சுக்க."

முனீர் பையைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சரைக்குள்ள வந்துருவீகன்னு அக்கா சொன்னாக. பத்து நிமிசம் லேட்டு சார்."

"எந்த அக்கா?"

முனீர் கல்லாவுக்கு அடியில் குனிந்து, ஒரு பெரிய சுரைக்காயை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"உங்க வீட்டு அக்காதான். கோயிலுக்குப் போற வழியில இதக் குடுத்து, இறாலத் திருப்பி வாங்கப்படாதுன்னும் சொல்லிட்டுப் போனாக. வேக வச்சு ஒரு துண்டு இறாலுக்குப் போடணுமாம், மிச்சம் ராத்திரிக்கு உங்களுக்காம்."