மாமனார் பேர் வெச்ச குக்கி

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பிரெஞ்சுக்காரங்க கட்டுன ஒயிட் டவுன்ல ஒரு காபி கடைக்குப் போகணும், நான் சுட்ட சாக்லேட் சிப் குக்கிய குடுக்கணும், அதோட பேர சொல்லணும், வந்துடணும்.

பேர சொல்லணும். அங்கதான் மாட்டுனேன்.

எங்க முத்தியால்பேட்டை தெருவுல இத ஆளுக்கொரு பேர்ல கேப்பாங்க. "அந்தக் கறுப்புப் புள்ளி பிஸ்கட்டு இருக்கா?" "எறும்பு ஒட்டுன மாதிரி இருக்குமே, அத குடு!"

எறும்பாம்! வெண்ணெயும் சாக்லேட்டும் விக்கிற வெலைக்கு!

என் வீட்டுக்காரருக்கு மனசு பொறுக்கல. "இதுக்கு நல்ல பேரா நான் வெக்கிறேன்"னாரு. வெச்சாரு. அவங்க அப்பா பேர.

அந்தப் பேர நான் எழுத மாட்டேன். அதனால இந்த ஒரு வார்த்தைய மட்டும் அவரே என் போன வாங்கி டைப் பண்ணாரு: ராசமாணிக்கம். அது வரைக்கும் நான் செவத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

சிரிக்காதீங்க. நான் பி.காம். படிச்சவ. சிக்னல்ல இடிச்சிட்டு ஓடுனவன துரத்திப் போய் சண்ட போட்டவ. ஆனா மாமனார் பேர வாயால சொல்ல மாட்டேன். எங்கம்மாவும் அவங்க மாமனார் பேர சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில "பேஷன்ட் பேரு?"ன்னு கேட்டா, அவரோட ஆதார் கார்ட நீட்டிடுவேன்.

மாமாவுக்கு தலகால் புரியல. டீக்கடை முழுக்க சொல்லிட்டாரு. "வெள்ளக்காரத் தெருவுல, போர்டுல எம் பேரு வரப் போவுது!" நேத்து வெள்ளச் சட்டை போட்டு, பவுடர் பூசி, ஸ்கூட்டர்ல என் பின்னாடி ஏறி உக்காந்துட்டாரு.

கடைக்கு முன்னாடி நோ பார்க்கிங். "வண்டிய தூக்கினு போயிடுவான். நான் இங்க நிக்கிறேன். நீ எம் பேர தெளிவா சொல்லு. போர்டுல எழுதுனதும் வந்து போட்டோ எடுத்துக்குறேன்"னாரு.

"சரிங்க மாமா"ன்னேன். என்னா தைரியம் பாருங்க எனக்கு!

கடை ஓனரம்மாவ எல்லாரும் மதாம்னுதான் கூப்புடுவாங்க. பாதி குடும்பம் பாரிஸ்ல இருக்கு. ஒரு குக்கிய கடிச்சாங்க. கண்ண மூடுனாங்க.

"செ போன்! நல்லா இருக்கும்மா. வாரா வாரம் சனிக்கெழமை எடுத்துக்குறேன்."

எனக்குள்ள பட்டாசு வெடிச்சுது. என் மொத பெரிய ஆர்டர்!

"ஆனா வெறும் குக்கின்னு எழுத மாட்டேன். பிரெஞ்சுக்காரங்களுக்கு குக்கின்னாலே இந்த சாக்லேட் சிப் போட்டதுதான், மத்ததெல்லாம் பிஸ்குய். அதான் இந்தத் தெருவுல எல்லா கடையிலயும் குக்கி இருக்கே. உன்னுதுக்கு தனியா இன்னா பேரு? அது இல்லாம போர்டுல ஏத்த மாட்டேன்." சாக்பீஸ எடுத்துட்டாங்க.

வாயத் தொறந்தேன். காத்துதான் வந்துது.

"டப்பாவுல ஸ்டிக்கர் இல்லியா?"

"இன்னும் அச்சடிச்சு வர்ல மதாம்."

"பேரே வெக்கலியா?"

"வெச்சாச்சு மதாம். எங்க மாமனார் பேரு. நான் அத சொல்ல மாட்டேன்."

மதாம் என்ன ஏற இறங்கப் பாத்தாங்க. "என் மருமவ என்னப் பேர் சொல்லித்தான் கூப்புடுறா"ன்னாங்க. அது பெருமையா வருத்தமான்னு எனக்குத் தெரியல.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கல. கம்பெனிக்குள்ள போறப்ப போன லாக்கர்ல வெச்சிடணும்.

மாமாவையே உள்ள கூப்புடலாம்னா வண்டிய தூக்கினு போயிடுவான். வேற வழியில்லாம விடுகதை போட்டேன்.

"மொத பாதி, அரண்மனையில இருப்பாங்க மதாம். கிரீடம் வெச்சிருப்பாங்க."

"ராணி!"

"ஆம்பள மதாம்!"

"மந்திரி?"

"பின் பாதி, மோதிரத்துல பதிப்பாங்க. செவப்பா இருக்கும்."

"மந்திரி... பவழம்?"

காபிக்கு நின்னவங்களும் சேந்துக்கிட்டாங்க. "இளவரசன் கோமேதகம்!"னு ஒருத்தர் கத்துனாரு. அப்படி ஒரு மாமனார் யாருக்காவது இருக்காரா?

"எழுதியாவது காட்டு"ன்னு மதாம் சாக்பீஸ நீட்டுனாங்க. "ரா"ன்னு எழுதுனேன். அதுக்கு மேல கை நகரல.

"ராணிதான்னு நான் அப்பவே சொன்னேன்!"னாங்க மதாம்.

கண்ணாடி வழியா வெளிய பாத்தேன். மாமா ஸ்கூட்டர் கண்ணாடியப் பாத்து தல சீவிக்கிட்டு இருந்தாரு. போட்டோவுக்கு.

மதாம் பொறுமை போயிடுச்சு. "அப்ப வெளிய யார்கிட்டயாவது அவரப் பத்தி எப்படித்தான் பேசுவ?"

"வீட்டுல பெரியவருன்னு சொல்வேன் மதாம்."

"அது போதும்"னு சொல்லி, "ரா"வ அழிச்சிட்டு, கொட்ட எழுத்துல எழுதிட்டாங்க: பெரியவர்.

எழுதறதப் பாத்துட்டு மாமா உள்ள ஓடி வந்தாரு. போர்ட மேலருந்து கீழ வரைக்கும் படிச்சாரு. திரும்பவும் படிச்சாரு.

"எம் பேரு எங்கம்மா?"

கொரல் எறங்கிப் போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "வாய்ல வர்ல மாமா"ன்னேன்.

அப்ப காலேஜ் பொண்ணு ஒண்ணு வந்து, "ஒரு காபி, ஒரு பெரியவர்"னு கேட்டுச்சு. கேட்டுட்டு, "யாரு மதாம் அந்த பெரியவர்?"னுச்சு.

மதாம் மாமாவ கைகாட்டுனாங்க.

"ஐயோ, நெஜ ஆளா! சார், ஒரு செல்பி!"

மாமா சட்டைய இழுத்து விட்டுக்கிட்டாரு. அந்தப் பொண்ணோட எடுத்தாரு, மதாமோட எடுத்தாரு, கடைசியா போர்டோட தனியா எடுத்தாரு. அப்புறம் என் காதுல வந்து, "எம் பேர்ல ஊர்ல ஆயிரம் பேரு இருக்கான். பெரியவரு நான் ஒருத்தன்தான்"னாரு.

ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே வெளிய வந்தோம். வண்டியக் காணோம். தூக்கினு போயிட்டான்.

டிராபிக் ஸ்டேஷன்ல, "வண்டி யார் பேர்ல இருக்கு?"ன்னு கேட்டாங்க. நல்லவேள, மாமா கூட இருந்தாரு.

அடுத்தது தேங்கா குக்கி போடப் போறேன். ராத்திரி சாப்புடறப்ப வீட்டுக்காரர்கிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன், அதுக்கு எம் பேரத்தான் வெக்கணும்னு.

கல்யாணம் ஆனதுலேர்ந்து "ஏய்", "இந்தா"ன்னே கூப்புட்ட மனுஷன், இன்னும் யோசிச்சிட்டு இருக்காரு எம் பேரு என்னான்னு.