முதுகில்லாத சட்டைகள்

"தள்ளுங்க. இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல தள்ளினா செவுரு பக்கத்து வீட்டுக்குப் போயிடும்."

"நாலடி அலமாரிங்க இது. ஒரு குடும்பமே அடங்கும்."

"குடும்பம் அடங்கும். உன் கம்பளிப் போர்வைதான் அடங்க மாட்டேங்குது."

அலமாரிக் கதவில் முதுகைக் கொடுத்து, கால்களைக் கட்டிலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர், தள்ளச் சொன்னவளின் கணவர். பேருந்து கண்டக்டர். எது நிரம்பி வழிந்தாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு பாரு" என்று சட்டைகளிடமும் அதையே சொன்னார். பயணிகள் எப்படிக் கேட்பதில்லையோ அப்படியே சட்டைகளும் கேட்கவில்லை. கதவு படாரென்று திறந்தது. ஒரு குடை, இரண்டு தலையணை, கல்யாணத்துக்கு வாங்கி இதுவரை யாரும் போடாத ஒரு கோட்டு எல்லாம் அவர் தலைமேல் இறங்கின.

அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஃபர்னிச்சர் கடையில் அலமாரிப் பிரிவில் வேலை. நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் கடையில் அவள் பெயர் 'டேப்பு'. வயதில் சிறியவர்களுக்கு 'டேப்பக்கா'.

வாய்தான் வினை. போன வாரம் கடைக் கூட்டத்தில், சின்ன அலமாரி விற்பதில்லை என்று மேனேஜர் மேடம் வருத்தப்பட்டபோது, டேப்பு எழுந்து நின்று, "வைக்கிற விதத்துல வச்சா நாலடியே தாராளம் மேடம். என் வீட்டுக்கு வந்து பாருங்க, பாதி காலியா கிடக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

"வர்றேன்" என்றார் மேனேஜர். "நீங்க சொன்ன மாதிரி இருந்தா, புதுக் கிளையில அலமாரிப் பிரிவே உங்க பொறுப்பு. இல்லேன்னா பழையபடி மெத்தைப் பிரிவு."

மெத்தைப் பிரிவு என்றாலே டேப்பு காத தூரம் ஓடுவாள். படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்துத் தூங்கிப்போகிறவர்களை, மனம் நோகாமல் எழுப்புவதுதான் அங்கே வேலை. ஒருவர் தூக்கத்தில் அழுதார். ஒருவர் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டுப் புரண்டு படுத்தார். திரும்பவும் அங்கே போவதைவிட வேலையையே விட்டுவிடலாம்.

நல்லவேளை, மேனேஜர் வருவது அடுத்த வாரம்தான் என்று அவள் நினைத்த அந்த நொடியில் கைபேசி அடித்தது.

"உங்க தெருவுலதான் இருக்கேன். எந்த வீடு?"

டேப்பு ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப்பார்த்தாள். "கடைசி வீடு மேடம். மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல மேடம்!" என்றாள். லிஃப்ட் இல்லாததை வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருமையோடு சொன்னாள்.

"காலி பண்ணுங்க!" என்று கத்தினாள்.

"வீட்டையா?"

"அலமாரியை!"

முதலில் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் திணித்தார்கள். கட்டில் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, மூழ்கப் போகும் கப்பல் மாதிரி சாய்ந்து நின்றது. பாதியை உருவி எடுத்து, முன்னறையில் மாமனாரை எழுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் குவித்தார்கள். குவியலின்மேல் போர்வையைப் போர்த்தி, போர்வையின்மேல் மாமனாரை உட்கார வைத்தார்கள். நாடு கடத்தப்பட்ட ராஜா ஒருவர் மலையுச்சியில் தனியாக இருப்பதுபோல் அவர் இருந்தார்.

"மாமா, என்ன ஆனாலும் இறங்காதீங்க."

"இறங்கணும்னாலும் ஏணி வேணும்மா. ஃபேனை மட்டும் போட்டுடாதீங்க."

வியர்த்து வடிந்த கண்டக்டர் குளிக்க ஓடினார். டேப்பு அலமாரியைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டாள். பொட்டுத் துணி இல்லை. திருடன் வந்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. இதைப் பார்த்தால் குழந்தைகூட நம்பாது.

அப்போதுதான் பரண்மேல் இருந்த பை ஞாபகம் வந்தது. கடையில் காட்சிக்கு மாட்டிக் கழித்துக் கட்டிய சட்டைகள். துணியை மிச்சம் பிடிக்க அவற்றுக்கு முன்பக்கம் மட்டும்தான் தைத்திருப்பார்கள். முதுகு கிடையாது. மாட்டினால் தெரியாது. மூன்றை எடுத்து இடைவெளி விட்டு மாட்டினாள். கதவைச் சாத்தவும் வாசல் கதவு தட்டப்படவும் சரியாக இருந்தது.

மேனேஜர் மேடம் மூச்சு வாங்க நின்றார். பின்னால் அவருடைய டிரைவர், ஒட்டடைக்குச்சி போல உயரமான ஆள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"படி அகலம் எவ்வளவு?" இதுதான் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி.

"மூணடி மேடம்." இதுவும் பரீட்சையில் சேர்த்தியோ என்று டேப்பு விறைப்பாக நின்றாள்.

மேனேஜர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தலையாட்டினார்.

படுக்கையறையில் டேப்பு அலமாரியைத் திறந்தாள். மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று சட்டைகள். மற்றபடி வெட்டவெளி.

"ஈரம் அடிக்குமா?"

"இல்ல மேடம். பின்பக்கம் வெயில் படுற செவுரு."

"பூச்சி?"

"வராது மேடம்."

"பூட்டு இருக்கா?"

"இருக்கு மேடம். சாவி என்கிட்டதான்."

மேனேஜர் உள்ளே கையை விட்டு ஆழம் பார்த்தார். மேல்தட்டை எக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் துணியெல்லாம் எங்க?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "அவர் இப்ப இங்க இல்லீங்க மேடம்."

"ஐயோ. பிரிஞ்சிட்டாரா?"

"ஆமா மேடம்."

"யாரு பிரிஞ்சது?" முன்னறை மலையுச்சியிலிருந்து அதிர்ச்சியோடு ஒரு குரல் வந்தது. "என்கிட்ட யாருமே சொல்லல!"

அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு, சோப்பு நுரை காயாத காதோடு கண்டக்டர் அறைக்குள் வந்தார். மேனேஜரைப் பார்த்து உறைந்து நின்றார். மேனேஜர் அவரைப் பார்த்து உறைந்து நின்றார். டேப்பு தரையைப் பார்த்தாள். தரை பிளந்து வழிவிடுகிற மாதிரித் தெரியவில்லை.

"இவர்?" என்றார் மேனேஜர்.

"இப்பத்தான்... திரும்பி வந்தார் மேடம்."

"குளிச்சிட்டா?"

கண்டக்டர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பாய்ந்து, அலமாரியிலிருந்து ஒரு சட்டையை உருவி மாட்டினார். மளமளவென்று பொத்தானைப் போட்டார். முன்னாலிருந்து பார்க்க மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தார். "வாங்க மேடம், உட்காருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, நாற்காலி எடுத்துவரத் திரும்பினார்.

ஈர முதுகு முழுசாகப் பளபளத்தது.

கடைச் சட்டையை மேனேஜருக்குத் தெரியாதா? பழசானதும் கழித்துவிடச் சொன்னதே அவர்தானே. அவருடைய பார்வை அந்த முதுகிலிருந்து சாய்ந்த கட்டிலுக்குப் போனது. கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப்பார்த்த கோட்டுக் கைக்குப் போனது. கதவு வழியாக, உத்தரத்தைத் தலையால் தொட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குப் போனது. மாமனார் கும்பிட்டார். குவியல் லேசாகச் சரிந்து, ஒரு காலுறை நழுவி மேனேஜரின் செருப்புப் பக்கத்தில் விழுந்தது.

டேப்பு கண்ணை மூடிக்கொண்டாள். மெத்தைகளெல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. அவற்றில் ஒவ்வொருவராகப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார்கள்.

"எல்லாத்தையும் எவ்வளவு நேரத்துல காலி பண்ணீங்க?" மேனேஜரின் குரல் தாழ்ந்திருந்தது. கோபமா, அழுகையா என்று தெரியவில்லை.

"நீங்க... படி ஏறி வர்றதுக்குள்ள மேடம்." இனிப் பொய் சொல்லி என்ன பயன்?

மேனேஜர் காலுறையைக் குனிந்து எடுத்தார். அதை ஒழுங்காக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"புதுக் கிளை உங்களுக்குத்தான்."

டேப்பு கண்ணைத் திறந்தாள். "மேடம்?"

"ஆனா ஒண்ணு. இந்த அலமாரி இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். ஒரு கைக்குட்டைகூட உள்ள போகக்கூடாது. இந்தச் சட்டைகளையும் எடுத்துடுங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். டிரைவர் ஒருமுறை அலமாரிக்குள் எட்டிப்பார்த்து, கையால் சாண் போட்டு அளந்துவிட்டு, அவரும் போனார்.

"என்னங்க, கிடைச்சிடுச்சு!" என்றாள் டேப்பு. "எதுக்குக் கொடுத்தாங்கன்னுதான் புரியல. எல்லாத்தையும் பாத்துட்டாங்க, தெரியுமா?"

"என் முதுகைக்கூடப் பாத்துட்டாங்க" என்றார் கண்டக்டர். "அது போகட்டும். அலமாரிக்குள்ள எதையும் வைக்கக்கூடாதுன்னா நம்ம துணியை எல்லாம் எங்க வைக்கிறது?"

"முதல்ல என்னை இறக்குங்கப்பா. அப்புறம் யாரு யாரை விட்டுப் பிரிஞ்சதுன்னு சொல்லுங்க" என்றார் மாமனார்.

மறுபடியும் கதவு தட்டப்பட்டது. டேப்பு போய்த் திறந்தாள்.

டிரைவர் நின்றார். தலையில் ஒரு மூட்டை, இரண்டு கக்கத்திலும் இரண்டு மூட்டை. ஒன்றின் வாய் பிளந்து, அவளுடையதைவிடப் பெரிய கம்பளிப் போர்வை ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா, நாளைக்கு எங்க மேடம் வீட்டு அலமாரியைப் பாக்கப் பெரிய முதலாளி வர்றாரு, இன்னும் வண்டி நிறைய கீழ கிடக்கு... அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து விடுறீங்களா?"